நண்பர்களைத் தாருங்கள்

ஆண்டுதோறும் பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரிகள் திறக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. நாசரேத்திலிருந்து ஒருவர், மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர், சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் என்று முன்பின் தெரியாத தாய்மார்கள் பேசுவார்கள். யாரோ ஒரு போதகரிடமோ பழைய தோழியிடமோ எங்கள் எண்ணை வாங்கியிருப்பார்கள். "மகளுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. நல்ல ஐக்கியம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தாங்களாகவே கூடி வேதம் வாசித்து ஜெபிக்கும் சிறு கூட்டத்தைத்தான் எங்கள் வழக்கத்தில் ஐக்கியம் என்கிறோம்.

இந்தக் கேள்விக்கு எந்தக் கூட்டத்தின் பெயரையும் நான் உடனே சொல்வதில்லை. பெண்ணின் பெயர், கல்லூரி, விடுதி, என்றைக்கு வந்து இறங்குகிறாள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்வேன். அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருக்கும் ஒருத்தியை அழைத்து, "போய்ப் பார்த்துவிட்டு வா. கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள்" என்பேன்.

கூட்டத்துக்குக் கூப்பிடாமல் இது என்ன ஊழியம் என்று சிலர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். பல ஆண்டுகளாக மாணவர்களுக்காக உழைப்பவர்களே கேட்கிறார்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கல்லூரிக்குள் நட்புக்கும் நற்செய்திக்கும் உள்ள உறவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பக்கம். ஊர் நடுவே கோயில். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். காலையில் அதன் மணிச் சத்தத்தில் எழுந்து, மாலையில் பாடகர் குழுவில் பாடி, கோடை வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளியில் கைவேலை செய்து வளர்ந்தோம். பக்கத்து வீடு, எதிர்வீடு, கடைக்காரர், ஆசிரியர் என எல்லோரும் கிறிஸ்தவர்களாக இருக்கும் ஊரில், நான் ஏன் கிறிஸ்தவள் என்று நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு கல்லூரியில் சேர்ந்தேன். விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். முதல் நாளிலேயே அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒருத்தி பிள்ளையார் படத்தை ஒட்டினாள். இன்னொருத்தி மேல்மருவத்தூர் அம்மன் படத்தை ஒட்டினாள். மூன்றாமவள் எதையும் ஒட்டாமல் வீட்டாரின் புகைப்படத்தைச் செருகி வைத்தாள். என் பெட்டியில் அம்மா வைத்த வேதாகமம் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதை வெளியே எடுத்து வைப்பதா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்த மாலையில்தான் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் வந்தார். கையில் நைலான் கொடிக்கயிறு, ஒரு கொத்துத் துணி கிளிப்புகள், சிறிய பூட்டு. ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கு மேலிருந்த ஆணிக்கும் இடையே கயிற்றை இழுத்துக் கட்டினார். "ஐந்தரைக்குள் குளித்துவிடுங்கள். அதற்குப் பிறகு இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. குளியலறைக்குப் போகும்போது அறையைப் பூட்டாமல் போகாதீர்கள்" என்றார். நான்கு பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். கயிறும் நான்கு பேருக்கும் பொதுவாகத்தான் கட்டப்பட்டது. புறப்படும்போது என்னிடம், "ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவேன். வருவதானால் வா. வராவிட்டாலும் பரவாயில்லை, வரும் வழியில் ஏதாவது வாங்க வேண்டுமானால் சொல்லி அனுப்பு" என்றார்.

அவர் கிறிஸ்தவர் என்பது எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் தெரிந்தது. அவர் தந்தது உதவி என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த வரிசை மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஐக்கியம் கூடிய இடம் மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டின் கடைசித் திருப்பம். மாடிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் வருகைப் பதிவுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் படிக்கு ஒருவராக உட்காருவோம். அறைகளில் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று தாழ்ந்த குரலில் பாடுவோம். நாகர்கோவிலில் இருந்து ஒருத்தி இரட்சணிய சேனைக் குடும்பம். தஞ்சாவூர்ப் பெண் கத்தோலிக்கர். 1706இல் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கிய தரங்கம்பாடிப் பக்கத்தில் இருந்து ஒரு லுத்தரன். சென்னையில் இருந்து வந்தவள் பெந்தெகொஸ்தே. காதில் கழுத்தில் ஒன்றும் அணிய மாட்டாள். நானும் இன்னும் இருவரும் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை.

முதல் சில வாரங்கள் ஒருவரையொருவர் நோட்டம் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தையிலேயே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்ற எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சென்னைப் பெண்ணுக்குக் குழப்பம். அவள் வாய்விட்டு ஜெபிப்பது எங்களுக்குக் கூச்சம். தஞ்சாவூர்ப் பெண் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளும்போது யாராவது ஒருத்தி கண்ணைத் திறந்து பார்ப்பாள். இவற்றில் எதையும் நாங்கள் பேசித் தீர்க்கவில்லை. ஆனால் நாளடைவில் யாருடைய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருக்குக் கணிதத்தில் அரியர் நிற்கிறது, யாருடைய தந்தை சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஒருத்தியின் கவலையை இன்னொருத்தி தன் வாயால் கடவுளிடம் சொல்லத் தொடங்கினாள். ஞானஸ்நானம் பற்றி இன்றும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அது சிறிய விஷயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு நோயாளியின் பெயரை ஒன்றாகச் சுமந்து ஜெபித்தவர்கள் அதன் பிறகு ஒருவரையொருவர் 'அந்தச் சபைக்காரி' என்று பேசுவதில்லை. நான் கண்ணால் கண்டது இது.

மாணவர்கள் இப்படித் தாமாகக் கூடியதால் விளைந்தவற்றைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் ஐந்து மாணவர்கள் திறந்த வெளியில் ஜெபிக்கப் போனார்கள். இடியும் மழையும் வர, ஒரு வைக்கோல் போரின் அடியில் ஒதுங்கினார்கள். அங்கே அவர்கள் செய்த ஜெபமும் எடுத்த தீர்மானமும் வளர்ந்துதான் 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷனெரி அமைப்பு உருவானது. அதன் ஊழியர்கள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அங்கிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள். மதுரையில் இன்று லட்சக்கணக்கானோர் அறிந்த அமெரிக்கன் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். ஐந்து பேரில் ஒருவருக்கும் மதுரை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்த யாழ்ப்பாணத்துக்கு 1902இல் ஓர் இளைஞர் போனார். வெள்ளாளன்விளையில் போதகரின் மகனாகப் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சென்று மாணவர்களைச் சந்தித்துவந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் ஆட்களையே மிஷனெரிகளாக அனுப்புவதைக் கண்டார். அது அவரை உலுக்கியது. மறு ஆண்டே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இன்றும் எங்கள் ஊர்ப் பெண்கள் சோறு பொங்கும்போது அந்தச் சங்கத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள்.

அசரியாவுக்கு ஒரு நண்பர் இருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து 1896இல் இந்தியாவுக்கு வந்த ஷெர்வுட் எடி. ஒருவர் பணக்கார அமெரிக்கக் குடும்பம், மற்றவர் பனங்காட்டுப் போதகரின் மகன். இருவரும் மாணவர்களிடையே சேர்ந்து உழைத்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். அந்த நட்பு எப்படிப்பட்டது என்று அறிந்தவர் என்பதால்தான், அது இல்லாத இடம் எது என்பதும் அசரியாவின் கண்ணுக்குத் தெரிந்தது. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பேராளர்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த மேடையில் 35 வயது அசரியா, இந்திய ஊழியர்களை வீட்டுக்கு அழைத்து உடன் உட்கார்ந்து உண்ணத் தயங்கும் மிஷனெரிகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அவருடைய கடைசி வரிகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள். சுட்டெரிக்கப்பட உங்கள் உடல்களையும் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். உடைமையையும் உடலையும் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்று சொல்லும், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் அன்பின் அதிகாரத்தை அறிந்தவர்கள் நிறைந்த அந்த அரங்கில், அந்தச் சொற்கள் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த உரையை வெள்ளைக்கார மிஷனெரிகளுக்குச் சொன்னது என்று படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இன்று ஒரு கல்லூரி விடுதியில் தெரிந்தவள், பழகியவள், இடம் பிடித்துக்கொண்டவள் யார்? சீனியர் மாணவி. நேற்று வந்து இறங்கியவளுக்கு அவளால் எவ்வளவோ செய்ய முடியும். துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கலாம். அத்தனையும் செய்துவிட்டு, நட்பை மட்டும் கொடுக்காமலும் இருந்துவிடலாம். அதனால்தான் அசரியாவின் வேண்டுகோள் எங்கள் படிக்கட்டுக்கும் உரியது என்கிறேன்.

இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இல் தொடங்கியது. கத்தோலிக்க மாணவர்களுக்கான ஐக்கஃப் 1924இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பிறந்தது. நான் வளர்ந்த யூ.இ.எஸ்.ஐ. என்ற சுவிசேஷ மாணவர் அமைப்பு 1954இல் உருவானது, சென்னையில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ஏனோக்கும், அதன் முதல் பொதுச்செயலர் சாண்டபிள்ளையும் அதன் தொடக்க காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்கள். இந்த அமைப்புகளுக்குள் கொள்கை வேறுபாடு நிறைய உண்டு. ஒன்று சமூகநீதியை முதலில் பேசும், ஒன்று தனிமனித மனமாற்றத்தை முதலில் பேசும். ஆனால் மூன்றிலும் வளர்ந்தவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன்: உங்களை அங்கே பிடித்து நிறுத்தியது எது? ஒருவரும் ஒரு கருத்தரங்கைச் சொன்னதில்லை. எல்லோரும் ஒரு மனிதரைச் சொன்னார்கள்.

என் அறைத்தோழிகளில் ஒருத்தி திருவாரூர்க்காரி. சிறு வயதில் இருந்தே கர்நாடக சங்கீதம் கற்றவள். முதல் ஆண்டின் நடுவில் ஒரு நாள், "மேலே நீங்கள் பாடுவது கீழே வரை கேட்கிறது, நானும் வரலாமா?" என்று கேட்டாள். வந்தாள். நாங்கள் பழக்கத்தில் பாடிக்கொண்டிருந்த கீர்த்தனைகளுக்கு ராகத்தின் பெயர் சொல்வாள். எங்கே சுருதி விலகுகிறோம் என்று தயவு பார்க்காமல் சொல்வாள். மாற்கு சுவிசேஷத்தை ஒரு பருவம் முழுவதும் படித்தபோது அவளும் கூட உட்கார்ந்தாள். நாங்கள் படிக்கும் முறை எளிமையானது. பகுதியை இரண்டு முறை வாசிப்போம். முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிறகு அது என்ன சொல்கிறது என்று கேட்போம். கடைசியில் அதை வைத்து நாளைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நான்கு நண்பர்களின் கதையைப் படித்த இரவில் அவள்தான் கேட்டாள்: "அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு என்றுதானே இருக்கிறது? படுத்திருந்தவனின் விசுவாசத்தைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" பிறந்ததில் இருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

அவள் கிறிஸ்தவள் ஆகவில்லை.

கல்லூரி முடியும் ஆண்டில் எங்கள் கூட்டத்தில் சிலருக்கு இது ஒரு தோல்வியாகப் பட்டது. இத்தனை நாள் கேட்டும் முடிவெடுக்கவில்லையே, இனி ஜூனியர்களைக் கவனிக்கலாமே என்று ஒருத்தி சொன்னபோது படிக்கட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. நான் அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். விசுவாசிக்கும் வரைதான் நட்பு என்றால், அது முதல் நாளிலிருந்தே நட்பு அல்ல. தூண்டில் முள்ளில் கோத்த புழு. மீன்களுக்கு ஒருவேளை அது தெரியாமல் போகலாம். மனிதர்களுக்குத் தெரிந்துவிடும். "வந்து பார்" என்று இயேசுவின் சீடன் பிலிப்பு நாத்தான்வேலை இயேசுவிடம் அழைத்தது, அத்திமரத்தின் கீழிருந்த முன்பின் தெரியாத ஒருவனை அல்ல, தன் நண்பனைத்தான். அந்த நட்பு அழைப்புக்கு முன்பே இருந்தது.

இதைச் சொல்லும்போது, அப்படியானால் இரட்சிப்பைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லையா என்று கேட்கிறார்கள். கவலை உண்டு. நான் கிறிஸ்துவில் கண்டடைந்ததை என் திருவாரூர்த் தோழியும் கண்டடைய வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு நாளும் குறைந்ததில்லை. அவளுக்காக ஜெபிக்கிறேன். அது அவளுக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். மறைத்து வைத்த நோக்கத்தோடு பழகுவதுதான் நட்பைக் கெடுக்கும். சொல்லிவிட்ட ஆசையோடு பழகுவது கெடுக்காது. அவள் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் திருவாரூர் போனோம். என் மகன் டெங்குக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்பு அவள் வந்துவிட்டாள். இரவில் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை எழுதிய தாளை வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாள். "நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள், ஒரு நாளும் இழுக்கவில்லை" என்று அவள் ஒருமுறை சொன்னது எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

இதனால்தான் எங்கள் வீட்டுக்கு வரும் சீனியர் மாணவர்களிடம் சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வீட்டு நினைவில் அழுதுகொண்டிருக்கும் முதலாண்டுப் பிள்ளையிடம் எந்த முடிவும் எடுக்கச் சொல்லாதீர்கள். பதினேழு, பதினெட்டு வயதில், தனிமையில் இருப்பவர்கள் யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பலவீனத்தின் மேல் கட்டுவது விசுவாசமாக நிற்காது. அது நியாயமும் அல்ல. பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யத் தூண்டாதீர்கள். வளாகத்துக்குள் மதக் கூட்டம் கூடாது என்று கல்லூரி சொன்னால் வளாகத்துக்கு வெளியே கூடுங்கள். கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்குப் பாடக் குறிப்பைக் கொடுங்கள், காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாம் ஆண்டுப் பருவத் தேர்வுக்குச் சற்று முன், எங்கள் கூட்டத்தில் இருந்த ஒருத்தியின் தந்தை திடீரென்று இறந்துபோனார். ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்கிராமம். அன்று இரவே பஸ் பிடித்தோம். ஐக்கியத்துப் பெண்களோடு அவளுடைய அறைத்தோழிகளும் வந்தார்கள். விடியற்காலையில் இறங்கி, ஊர்ப்பாதையில் கருவேலங்காட்டின் ஓரமாக நடந்து போய்ச் சேர்ந்தோம். அங்கே நாங்கள் பாடவும் இல்லை, பேசவும் இல்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்தோம், வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தோம், அண்டாக்களைக் கழுவினோம். அவள் தாய் ஒவ்வொருத்தியின் முகத்தையும் கையால் பிடித்துப் பார்த்து, "இத்தனை பேரா, இத்தனை பேரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்த பிறகு தரங்கம்பாடிப் பெண் தன் நோட்டுகளை எல்லாம் அவளுக்காகத் தனியே எழுதி வைத்தாள். சபை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த அடிபம்பு வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சாதியைப் பற்றிப் பேசாமல் போனால் நான் உண்மையை மறைத்தவள் ஆவேன்.

தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் முதல் சந்திப்பில் கேட்கும் கேள்வி "எந்த ஊர்?" என்பது. ஊர் தெரிந்தால் பாதி தெரிந்துவிடும். சபையும் தெருவும் தெரிந்தால் மீதியும் தெரிந்துவிடும். நாங்கள் அந்தப் படிக்கட்டில் ஒரே டிபன் பாக்ஸில் இருந்து எடுத்துச் சாப்பிட்டோம், விடுமுறையில் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கினோம். எங்களில் சிலருடைய வீடுகளில், இன்ன சாதிப் பெண் வந்து அடுக்களை வரை போனது அதுதான் முதல் முறை. கல்லூரி ஐக்கியங்கள் செய்த பெரிய காரியங்களில் இது ஒன்று, இதற்குரிய மதிப்பை நாம் தருவதில்லை. ஆனால் படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணப் பேச்சு எடுக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது? நான்கு ஆண்டுகள் 'கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று' என்று பாடியவர்கள், திருமணத் தகவல் படிவத்தில் உட்பிரிவு வரை நிரப்பிக் கொடுக்கிறார்கள். அதே ஐக்கியத்தில் விரும்பிய இரண்டு பேர் வீட்டாரின் சாதிக் கோபத்துக்கு முன்னால் தனியாக நிற்கும்போது, பழைய நண்பர்களும் மூத்தவர்களும் "பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று சொல்லி ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை. அசரியா தோர்ணக்கல்லில் ஆயராகி, தெலுங்கு நாட்டின் தீண்டாமைக்கு உள்ளான மாலா, மாதிகா மக்களோடு தம் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் கேட்ட நண்பர்கள் பந்தியில் உடன் உட்காருபவர்கள் மட்டும் அல்லர்.

எங்கள் வீட்டில் மாணவர்கள் கூடிச் சாப்பிடும் சனிக்கிழமை மாலைகளில் இதை நாங்கள் ஒளிக்காமல் பேசுகிறோம். வருகிற பிள்ளைகளில் சிலர் முகம் சுருங்கும். சிலர் அடுத்த வாரம் வருவதில்லை. இருந்தாலும் பேச வேண்டியிருக்கிறது. இருபது வயதில் கேட்காத கேள்வியை இருபத்தெட்டில் பெண் பார்க்கப் போகும்போது கேட்க முடியாது.

இப்போது வருபவர்கள் எங்களைப் போன்றவர்கள் அல்ல. 2020இல் பள்ளிகள் மூடியபோது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். திரையில் பாடம் கேட்டு வளர்ந்த அந்தக் காலத்தின் தடம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேசுவதை மற்றவர் முடியும் வரை கேட்பது அவர்களுக்குப் பயிற்சி தேவைப்படும் காரியமாகிவிட்டது. இன்னொரு பக்கம், நகரத்தின் பெரிய ஆராதனைக் கூட்டங்கள் அவர்களை இழுக்கின்றன. வண்ண விளக்கு, முழு இசைக்குழு, பேரலையாக எழும் பாட்டு. அங்கே போக வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பாடித் திரும்பும் பிள்ளைகளின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் நீ வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்பேன். பதில் சொல்லத் தெரியாமல் நிற்பார்கள். ஒருத்தி வராததைக் கவனித்து, அன்று இரவே அவள் அறைக்கதவைத் தட்டும் ஓர் ஆள் வேண்டும். அதற்குச் சிறிய கூட்டம்தான் சரி. எங்கள் வீட்டுக் கூடம் நிரம்பியதும் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எண்ணிக்கை குறைகிறதே என்று பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம், நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சனிக்கிழமைச் சாப்பாடு சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். இதுதான் எப்போதும். விடுதிச் சாப்பாட்டில் அலுத்துப்போன நாக்குக்கு இதுவே விருந்து. பையன்கள் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது என் கணவர் போட்ட சட்டம். கழுவும் தொட்டியின் அருகில்தான் உண்மையான பேச்சு நடக்கிறது என்று அவர் சொல்கிறார். அரியரை வீட்டில் எப்படிச் சொல்வது, மாதக் கடைசியில் யாரிடம் கடன் வாங்குவது, கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது, இதை அப்பாவிடம் சொன்னால் அடித்துவிடுவார் என்பதெல்லாம் அங்கே வெளியே வருகின்றன. போன மாதம் ஒரு பையன் தயங்கித் தயங்கி, தன் அறைத்தோழன் முஸ்லிம் என்றும், தினமும் அவன்தான் தன்னைக் காலையில் எழுப்பிவிடுகிறான் என்றும், அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்து வரலாமா என்றும் கேட்டான். வந்தான். ஹலால் கடையில் கோழி வாங்கி அன்று பிரியாணி செய்தோம். சாப்பிட்ட பிறகு நாங்கள் வேதம் வாசிக்கப் போகிறோம், விருப்பம் இருந்தால் இரு, இல்லாவிட்டால் மாடியில் காற்று வாங்கு என்று சொன்னேன். இருந்தான். அவனும் அந்த வாரம் தன்னை வாட்டிய விஷயத்தைச் சொன்னான், அதற்காக ஜெபித்தோம்.

கடைசியாக, ஊர்ச் சபைகளில் இருக்கும் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். மே, ஜூன் மாதங்களில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை ஆலயத்தின் முன்னால் நிறுத்தி ஜெபித்து அனுப்புகிறீர்கள். மிகவும் நல்லது. அதோடு, எந்த ஊருக்குப் போகிறார்களோ அந்த ஊரில் இருக்கும் ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையில் கொடுங்கள். அந்த ஒருவருக்கும் முன்கூட்டியே பேசி, பிள்ளை எந்தத் தேதியில் வருகிறாள், எந்த விடுதி என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் சபைப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள். சனிக்கிழமை ஒரு தட்டுச் சோறு போடக்கூடியவரா என்று மட்டும் பாருங்கள். கோவைக்கு வருகிறவர்களை எங்களுக்குச் சொல்லுங்கள். கொடிக்கயிறு நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்; பூட்டை மட்டும் பிள்ளைகள் கொண்டுவரட்டும், சாவி அவர்களிடமே இருப்பது நல்லது.